மணல்மேட்டில் ஒரு தரிப்பு

டினேஸ் அண்ணை பாரிசில் இருந்து வந்து, குருநகரில் எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே போனில் வரைபடத்தைத் திறந்துவிட்டார். கரையோரமாகவே ஒருநாள் பயணமாம். காரைநகர்க் கடற்கரை, கீரிமலைக் கேணி, பருத்தித்துறை வெளிச்சவீடு, கடைசியாக வடமராட்சி கிழக்கில் மணல்மேடுகள். எங்கே குளிப்பு, எங்கே தேநீர், எங்கே நின்று படம் எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் திட்டம் இருந்தது.

"அந்த மணல்மேட்டுக்குப் பின்னாலைதானே அண்ணை சேமக்காலை," என்றேன். "அம்மாவின்ரை கல்லறையையும் ஒருக்காப் பாத்திட்டு வருவம்."

"பாப்பம், நிரோ," என்றார்.

அவருடைய "பாப்பம்" எனக்குப் புதிதல்ல. அம்மா படுக்கையில் கிடந்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா செத்து இரண்டு வருடம். பிறந்த ஊர் மணலில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதைச் செய்தேன். அண்ணை செத்தவீட்டுக்கு வரவில்லை, போனில் பார்த்தார். பெட்டியை மூடுவதற்கு முன் நான் போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் ஓவென்று அழுதார். பிறகு, "அம்மா, போட்டு வாறன்," என்றார்.

பந்தலில் இருந்த அழுகைச் சத்தம் அப்படியே நின்றது.

வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று நாங்கள் சொல்வதில்லை. "போட்டு வாறன்" என்றுதான் சொல்வோம். செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். திரும்பி வருகிறேன் என்று செத்தவரிடம் சொன்னால், அவர் காத்திருப்பார்.

அம்மா காத்திருந்தாள்.

வீட்டில் நான் தனி. நான் கொளுக்கி போட்டுவிட்டுப் படுக்கிற வாசல் படலை, விடியும்போது திறந்து கிடக்கும். அண்ணையின் பழைய கட்டிலில், தலைமாட்டில், ஒரு பிடி வெள்ளை மணல் இருக்கும். குருநகரில் கரை என்றால் கறுத்த சேறுதான். அரிசிமா மாதிரியான அந்த மணல் அம்மாவின் ஊர் மணல். கூட்டி அள்ளுவேன். அடுத்த நாளும் இருக்கும்.

பயத்தை விட எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவளுக்குக் கஞ்சி பருக்கியவள் நான். பீ மூத்திரம் அள்ளியவள் நான். என் பாயில் ஒரு பருக்கை மணல்கூட விழவில்லை.

அண்ணை கல்லறைக்கு முன்னால் நின்று "வந்திட்டன் அம்மா" என்று ஒரு தரம் சொன்னால் போதும், அவள் அடங்கிவிடுவாள், நானும் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று நம்பினேன். அந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வாடகை வானை வின்சன்ற் ஓட்டினான். அண்ணையின் மகள் டிலக்ஷி என் மடியில் சாய்ந்தபடி வந்தாள். எட்டு வயது. தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் ஒவ்வோர் இடத்திலிருந்து வெளிக்கிடும்போதும், ஐஸ்கிறீம் விற்றவருக்கும் கேணிக்கரையில் இருந்த கிழவருக்கும் கையை ஆட்டி, "போட்டு வாறன்," என்றாள்.

"என்ரை பிள்ளை ஒருநாளும் போறன் எண்டு சொல்லாது," என்றார் அண்ணை. அவர் அவளுக்குப் பழக்கிய மரியாதை அது ஒன்றுதான்.

கீரிமலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, வானுக்குள் அண்ணையின் சீற்றில் வெள்ளை மணல் கிடந்தது. தட்டிவிட்டு உட்கார்ந்தார். பருத்தித்துறையில் வாங்கிய தட்டைவடையைக் கடித்தவர், தூவென்று துப்பினார். அதிலும் மணல்.

"சரியான காத்து," என்றார்.

காற்று இருக்கவில்லை.

மணல்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கடல் பக்கத்தில்தான், ஆனால் அலையின் சத்தம் கேட்கவில்லை. அம்மா முழங்காலுக்குப் பூசுகிற தைலத்தின் மணம் எங்கிருந்தோ வந்தது. அண்ணைக்கும் மணத்திருக்க வேண்டும். அவசரமாக இரண்டு படம் எடுத்துவிட்டு வானுக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டார்.

அப்போதுதான் பார்த்தேன். டிலக்ஷியைக் காணவில்லை.

மேட்டில் ஏறி அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சிலுவைகள் நிற்கிற பக்கமிருந்து அவள் மெல்ல நடந்து வந்தாள்.

"ஆரோடை அங்கை நிண்டனி?"

"அப்பம்மாவோடை, மாமி. முந்திப் போன்லை கதைக்கிற அப்பம்மா." அவள் சிரித்தாள். "அப்பா வந்திட்டாரோ எண்டு கேட்டா. வானுக்கை இருக்கிறார் எண்டு சொன்னன்."

பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினேன். எல்லாவற்றையும் அண்ணையிடம் சொன்னேன். அவர் கையை நீட்டிப் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இறங்குங்கோ அண்ணை. ஒரு சொல். வந்திட்டன் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"ஏறு நிரோ."

"பெத்த தாய் அண்ணை!"

"வின்சன்ற், வானை எடு!"

நான் ஏறினேன். வேறென்ன செய்வது? வின்சன்ற் அழுத்தினான். சில்லு மணலுக்குள் சுற்றியது. வான் அசையவில்லை. இன்னும் அழுத்தினான், இன்னும் புதைந்தது. அண்ணை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செபம் சொன்னார். தைல மணம் வானுக்குள் நிறைந்தது.

அவர் இறங்கவில்லை.

பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல வான் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

டிலக்ஷி பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, வெறும் மணலைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"போட்டு வாறன், அப்பம்மா!"

அவளுடைய வாயைப் பொத்தினேன். பிந்திவிட்டேன்.

தார் ரோட்டில் ஏறியதும் வின்சன்ற் இறங்கிப் பின்பக்கம் போனான். நானும் போனேன். பின் கதவில் வெள்ளை மணலால் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. வலது சுண்டுவிரல் வளைந்திருந்தது. அம்மாவின் விரல் அப்படித்தான்.

"தள்ளி விட்டிருக்கிறா, அக்கா," என்று குசுகுசுத்தான் வின்சன்ற். துணியால் துடைத்துவிட்டு, ஏறி வானை எடுத்தான்.

அண்ணை விடுமுறையைக் குறைத்துக்கொண்டு அந்தக் கிழமையே பிளேன் ஏறினார். அதற்குப் பிறகு படலை பூட்டியபடியே இருந்தது. கட்டிலிலும் மணல் இல்லை. மகனைக் கண்ணால் கண்டுவிட்டாள், அது போதுமென்று போய்விட்டாள் என நினைத்தேன். வெகுகாலத்துக்குப் பிறகு அயர்ந்து தூங்கினேன்.

ஒருநாள் பின்னேரம் அண்ணை போன் எடுத்தார்.

"நிரோ, டிலக்ஷியின்ரை தலைமாட்டிலை மணல். கதவைப் பூட்டித்தான் படுக்கிறம். விடியத் திறந்து கிடக்குது."

"பிள்ளை பயந்து போனாளோ?"

"இல்லை," என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. "அப்பம்மாவிட்டை எப்ப போறது எண்டு கேக்கிறாள். உடுப்பு அடுக்கி வைச்சிருக்கிறாள், நிரோ."

போனை வைத்துவிட்டு அண்ணையின் கட்டிலைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இரண்டு வருடம் இந்த வீட்டுக்கு வந்து போனவள், கடைசியாகப் போகும்போது என்னிடம் ஒரு சொல் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையை நினைத்து அழவேண்டிய நேரத்தில், நான் அதை நினைத்துத்தான் அழுதேன்.

அன்று படுக்கப் போகுமுன் கொளுக்கியைக் கழற்றி, அம்மா வரட்டும் என்று படலையை நானே அகலத் திறந்து வைத்தேன்.

விடியப் போய்ப் பார்த்தேன். படலை சாத்தியிருந்தது. கொளுக்கியும் போட்டிருந்தது.