படையலில் வைத்த கைக்கடிகாரம்

அப்பாவின் பதினாறாம் நாள் படையலிலிருந்து ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இலையருகே வைத்திருந்த அவருடைய கைக்கடிகாரத்தையும் கட்டியபடி பாலன் சிரித்தான்.

"அப்பா வடைய மிச்சம் வச்சிட்டாரு ம்மா. உங்க சமையல் அப்படி லா."

அதன் பிறகு மகன் சிரித்து தனலெட்சுமி பார்க்கவில்லை.

படையலிட்டால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுத்து, மூன்று முறை தட்டிய பிறகே திறப்பார்கள். அன்று, பாலன் வடையை எடுப்பதற்குச் சற்று முன், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் அந்தச் சிறிய அறைக்குள்ளிருந்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சத்தம் கிர்ரென்று மெல்ல வந்தபோது, ஒருமுறை கணவர் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்ற தவிப்பில் அவள் தட்டாமலே திறந்துவிட்டாள். உள்ளே யாரும் இல்லை. சாம்பிராணிப் புகை மட்டும், நடுவில் ஓர் ஆள் நிற்பதுபோல், இரண்டாகப் பிரிந்து சென்றது.

அது பழைய சுவிஸ் கடிகாரம். தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். பாலன் ஒருநாளும் கொடுக்கவில்லை. ஆனாலும் டிக் டிக்கென்று ஓடியது. அடுப்படியில் நின்றாலும் கேட்டது. முதல் வாரம் அவனுடைய இடது கை சில்லிட்டது. அடுத்த வாரம் தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது. கழற்றிவிடச் சொல்லி அழுதாள்.

"அப்பா வேணாங்கிறாரு ம்மா."

பழைய சுவிஸ் கடிகாரங்களைச் சேகரிக்கும் கிள்ளான் இராமலிங்கத்தின் விளம்பரத்தைப் பத்திரிகையில் பார்த்தாள். மூலைக் கடையிலிருந்து போன் செய்து, சும்மாவே தருகிறேன், எடுத்துக்கொண்டு போனால் போதும், என் பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று கெஞ்சினாள்.

மறுநாள் நண்பகலில் அவர் வந்தார். பாலன் நாற்காலியில் சாய்ந்தபடியே கையை நீட்டினான். இராமலிங்கம் கடிகாரத்தைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

"அக்கா, உள்ள ஸ்பிரிங் அறுந்து கெடக்கு. எல்லாம் துரு. இது ஓடிப் பல வருஷம் இருக்கும்."

"இப்ப ஓடுதே. உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு சத்தம் வந்த நாற்காலிப் பக்கம் தலையைத் திருப்பினார். கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினார்.

டாக்டர் வந்தார். விடியற்காலையே பாலனின் உயிர் போய்விட்டது என்றார். நண்பகலில் கை நீட்டினானே என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

எரித்தார்கள். கடிகாரம் வீட்டு மேசையிலேயே கிடந்தது.

அஸ்தி கரைக்க, கிள்ளான் கடலுக்குக் காரில் போனார்கள். சட்டி அவள் மடியில். அதன் வாயில் வெள்ளைத்துணி கட்டியிருந்தது.

குனிந்தாள். துணிமேல் காதை வைத்தாள்.

டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.