ஏழு ஐம்பத்தெட்டு

அக்கா, கிள்ளானில் ரூம் எடுத்தபோது வாடகை குறைவு என்பதை மட்டும்தான் பார்த்தேன். ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில். ரயில் ஒழுங்காக வந்தால் ஒன்றேகால் மணி நேரம். ஒழுங்காக வருவது அபூர்வம். மேசையில் உட்காரும்போதே கண் எரியும். இன்சூரன்ஸ் பாரங்களில் (படிவத்தை இங்கே பாரம் என்பார்கள்) ஒருவர் பெயருக்கு இன்னொருவர் பிறந்த தேதியை அடித்துவிடுவேன்.

ஒருநாள் சூப்பர்வைசர் சீதாலெட்சுமி என் பஞ்ச் கார்டை உருவிக் காட்டினார். எட்டு மணி தாண்டி வந்தால் மெஷின் நேரத்தைச் சிவப்பில் அடிக்கும்.

"முழுக்கச் சிவப்பு லா, செல்வம். வேலையும் மத்தவங்க செய்றதுல பாதிதான். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். இப்படியே போனா உன் வேலை பெர்மிட்டுக்கு நான் சைன் பண்ண மாட்டேன்."

பெர்மிட் போனால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

அன்று மாலை நல்ல மழை. ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் பெட்டி காலியாகிவிட்டது. எதிர் இருக்கையில் ஒருவர், தலை குனிந்தபடி. கழுத்தில் எங்கள் ஆபீஸ் அட்டை. காயாத சட்டையின் வாடை.

"கிள்ளானா?"

"ஆமாண்ணே."

"நானும்தான். பன்னெண்டு வருஷமா. பேரு சிவேந்திரன். நான் முதல் ரயில்லயே போயிடுவேன். உன் கார்டையும் நானே தட்டிடறேன்."

கூட்டாளிக்காகக் கார்டு தட்டுவது இங்கே சகஜம். இங்கே வந்த பிறகு என்னிடம் தானாக வந்து பேசிய முதல் ஆள் அவர். சரி என்றேன்.

மறுநாள் எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்லவேளை, சீதாலெட்சுமி ஒன்பதரைக்குத்தான் வருவார். கார்டில் 7.58, கறுப்பு மையில். மேசையில் பாதிப் பாரங்கள் முடிந்திருந்தன. ஒரு பிழை இல்லை.

தினமும் அப்படியே. ஆபீஸில் அவரைப் பார்த்ததில்லை; வேறு மாடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாலை ரயிலில் அவர் எதிரே உட்காருவார். நான்தான் பேசுவேன். ஊரைப் பற்றி, உன்னைப் பற்றி.

மாதக் கடைசி வாரத்தில் சீதாலெட்சுமி பெர்மிட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். "நல்லா மாறிட்ட லா."

"சிவேந்திரன் அண்ணன்தான் வேலை சொல்லிக் குடுத்தாரு, மேடம்."

மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எந்தச் சிவேந்திரன்?"

"கிள்ளான்லேர்ந்து வர்றவரு."

"நீ உக்கார்ற மேசை அவரோடது." குரல் இறங்கியது. "ரெண்டு வருஷம் ஆச்சு. வேலை முடிஞ்சு போறப்ப ரயில்லயே தூங்கிட்டாரு. கடைசி ஸ்டேஷன் போர்ட் கிள்ளான்ல எழுப்புனாங்க. எழுந்திரிக்கல."

அன்று மாலை ரயிலிலும் அவர் வந்தார்.

"அண்ணே, இனிமே கார்டு தட்ட வேணாம். பிரிக்பீல்ட்ஸ்லயே ரூம் பாத்து மாறிடறேன். நடந்தே போயிடுவேன்."

முதன்முறையாக அவர் முகம் நிமிர்ந்தது.

கண்கள் மூடியிருந்தன.

"அங்க உனக்கு யாரு இருக்கா?"

கிள்ளான் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

இப்போது ரூமிலிருந்து ஆபீஸுக்கு ஐந்து நிமிடம். கண் எரிவதில்லை. பாரங்களில் பிழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன், அக்கா.

இன்று ஒன்றாம் தேதி. ஏழேகாலுக்கே போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே யாருமில்லை. புது மாதத்துக் கார்டுகள் மெஷின் பக்கத்துச் சட்டத்தில் வரிசையாக இருந்தன. என்னுடையதை எடுத்தேன்.

இன்றைய தேதிக்கு நேராக 7.58.

விரலில் மை ஒட்டியது.

நாளைக்கும் 7.58. நாளை மறுநாளுக்கும். ஞாயிற்றுக்கிழமைகள் உட்பட முப்பது நாளும் அடித்து முடிந்திருந்தது.

வெளியே போகும் நேரத்துக்கான கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன.