கொசுறுக்கை

நான்குவழிச் சாலையோரப் பேரங்காடியில் பணம் வாங்க மனிதர் யாரும் இல்லை. பொருள்கள் பட்டையில் நகர்ந்து வரும். கடைசியில் கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கை இறங்கி, கொஞ்சம் கறிவேப்பிலையைப் பைக்குள் போடும். அதுதான் கொசுறுக்கை. திருமங்கலத்து ஜனங்கள் இலவசப் பேருந்தில் ஏறி அங்கே போவது விலைக்காக அல்ல, அந்தக் கைக்காகத்தான். ஊருக்குள் மாவு மில் மூடிவிட்டது. வெற்றிலைக் கடையும் மூடிவிட்டது. மளிகைக்கடை பவளக்கொடி மட்டும் தினமும் காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் குடுக்காத கொசுறா?" என்று எரிந்துகொண்டிருந்தவள், பக்கத்து வீட்டு ஜெசிந்தாவும் அந்தப் பேருந்தில் ஏறியதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். மிச்சமிருந்த ஒரே வாடிக்கை அவள்தான். அவளைத் திருப்பிக் கூட்டி வந்தே தீருவதென்று கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

கொசுறுக்கையின் மணிக்கட்டில் ஒரு மகிழ்மானி பொருத்தியிருந்தார்கள். ஒப்புக்குச் சிரித்தால் உதடு மட்டும் விரியும். மனம் குளிர்ந்தால்தான் கண்ணோரத் தசை சுருங்கும். மகிழ்மானி அளப்பது அந்தச் சுருக்கத்தை. முதலில் கை எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தது. கொஞ்ச நாளில் எந்தக் கண்ணும் சுருங்கவில்லை. பிறகு கூட்டியும் குறைத்தும் கொடுத்துப் பார்த்து ஒன்றைக் கற்றுக்கொண்டது. அடுத்தவரைவிடக் கூடுதலாகக் கிடைத்தால்தான் கண் சுருங்குகிறது. அப்படியானால் குறைவாகக் கிடைத்தவர் கோபித்துக்கொண்டு போய்விட மாட்டாரா? போகவில்லை. மறுநாள் இன்னும் சீக்கிரமாக வந்து நின்றார்.

கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று பார்த்ததிலேயே பவளக்கொடிக்கு விஷயம் பிடிபட்டது. ஒப்புக்கு ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு, வரிசையில் ஜெசிந்தாவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏய் ஜெசி, இது ஏமாத்து வேலடி. ஒருத்திக்கு அள்ளிப் போட்டு, இன்னொருத்திய வேடிக்க பாக்க வைக்குது."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா வர்ற?"

"நீ மட்டும் என்னவாம்? நம்ம தெருப் பரிமளத்துக்கு ஒரு இணுக்கு, எனக்கு ஒரு கொத்து. அதுவும் அவ பாக்குறப்பத்தான் போடுவ. அதுக்குத்தான எதுத்த கடைய விட்டுட்டு ஒன்கிட்ட வந்தேன்?"

"அது பாசத்துல போட்டதுடி!"

"அப்ப பரிமளம் மூஞ்சி போற போக்கு இருக்கே... எனக்கு அந்த மூஞ்சிதான்க்கா கொசுறு."

பவளக்கொடி வாயைத் திறந்தாள். அதற்குள் கை இறங்கியது. ஜெசிந்தாவின் பையில் ஒரே ஒரு இணுக்கு விழுந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. பவளக்கொடிக்கு என்ன விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீப்பெட்டி நகர்ந்து வந்தது. கை அதன்மேல் ஒரு பெரிய கொத்தை வைத்தது. அதன்மேல் இரண்டு எலுமிச்சை. போகிற போக்கில் ஒரு துண்டு இஞ்சி.

ஜெசிந்தாவின் முகம் அப்படியே பரிமளத்தின் முகமாகிப்போனது.

பவளக்கொடி உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். ஆனால் மகிழ்மானி உதட்டைப் பார்ப்பதில்லையே.

"நாளைக்கு எப்பக்கா வருவ?" என்று கேட்டாள் ஜெசிந்தா, அந்தக் கொத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கடை இருக்குடி என்றுதான் பவளக்கொடி சொல்ல நினைத்தாள்.

"எட்டு மணிக்கு" என்றாள்.