உலைமங்கலத்து மண்

கூவிளையாற்றின் கீழ்த்திசையில் முழுநிலா தலைகாட்டிய அந்தி வேளை. உலைமங்கலத்து உருக்கு உலைகளின் செந்தழல் ஒளியும் வெண்ணிலவும் ஒன்றோடொன்று கலந்து நீரில் மிதக்க, நாணற் புதர்களை விலக்கிக்கொண்டு பரிசல் துறையை நோக்கி விரைந்தான் ஒரு வாலிபன். அவன் தோளில் கனத்த மூட்டையில் பொன்னும் மணியும் இருக்குமென்று எண்ணும் வாசக அன்பர்களே, சற்றுப் பொறுங்கள். அதில் இருந்தது வெறும் மண்!

உலையில் துருத்தி மிதிக்கும் கந்தன் என்றே ஊரார் அவனை அறிவர். உண்மையில் அவன் அக்கரைச் செம்பாறை நாட்டு இளவரசன் திதியன். யவன வணிகர்கள் செம்பாறை உருக்கைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, உலைமங்கலத்து உருக்கையே கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றார்கள். "நிலவு தேயுமுன் அவர்களுடைய ரகசியத்தைக் கொண்டு வா. இல்லையேல் அந்த ஊரைக் கொளுத்துவேன்!" என்று கர்ஜித்திருந்தார் அவன் தந்தை. உருக்குக் குடுவை வனையும் மண்ணில்தான் ரகசியம் என்று திதியன் முடிவு கட்டினான். ஊர் எரிந்தால் அல்லியும் எரிவாளே என்ற அச்சம் அவன் கால்களை விரட்டியது. காய்ச்சலில் கிடந்த அவனை, நோயாளிகளைப் பேணும் ஆதுலர் சாலையில் கண்ணிமை மூடாது காத்தவள் அவள்.

"மண் சுமந்து எங்கே செல்கிறீர், கந்தரே?"

பரிசலில் துடுப்புடன் நின்றவள் அந்த அல்லியேதான்!

"வழி விடு, அல்லி! இது அக்கரை சேர்ந்தால்தான் உன் ஊர் தப்பும்."

அவள் மூட்டையை அவிழ்த்து, மண்ணை விரலிடுக்கில் வழியவிட்டுக் கலகலவென்று நகைத்தாள். "இது செம்பாறை மலையில் வெட்டிய மண், ஐயா! உங்கள் நாட்டிலிருந்தே வண்டி வண்டியாக வாங்குகிறோம்."

கொல்லன் தெருவில் ஊசி விற்றவனை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தன் மலையின் மண்ணையே திருடி வந்த இளவரசனைக் கேட்டதுண்டோ?

"அப்படியானால் ரகசியம்தான் எது?" என்று கேட்டான் திதியன்.

"எங்கள் உலைக்களத்தில் உமக்கு விந்தையாகப் பட்டது எது?"

அவன் நினைவு பின்னோடியது. அன்று கரி கொட்டும் பெண்ணொருத்தி சேகண்டியை அடித்ததும் உலை முழுதும் நின்றது. ஓடி வந்த தலைமைக் கொல்லர் வையவில்லை. குடுவையில் கண்ட விரிசலைப் பார்த்துவிட்டு, அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். தவறாக அடித்தாலும் வெற்றிலை உண்டாம்! செம்பாறையிலோ உலையருகே வாய் திறந்தால் சவுக்கடிதான். விரிசல் குடுவையும் உலைக்குள் போகும். அங்கே பால் மணம் மாறாத பிள்ளைகள் துருத்தி மிதித்து, நெஞ்சு புகைந்து, கை பழகுமுன்னே மாண்டு போவார்கள். இங்கே பிள்ளைகள் பள்ளியில் எழுத்தாணி பிடிக்கிறார்கள். நரைத்த கொல்லர்களும் நோயின்றி உலை காக்கிறார்கள். அவன் காய்ச்சலில் கிடந்தபோதும் அவனுக்குக் கூலியாக அளக்கும் படிநெல் நிற்கவில்லை.

"மனிதர்களைத் தேய்த்துவிட்டு மண்ணைத் தேடினேனே!" என்று அவன் வாய்விட்டுப் புலம்பினான். "இதை எந்த மூட்டையில் கட்டித் தந்தையிடம் கொடுப்பேன்?"

"மருத்துவரையும் ஆசிரியரையும் உம்முடன் அனுப்புகிறேன், இளவரசே."

"நீயா? ஆதுலர் சாலைப் பணிப்பெண்ணா? என்னை இளவரசன் என்று..."

அவள் கை தட்டினாள். நாணலுக்குள்ளிருந்து வேல்வீரர்கள் எழுந்து, "அரசி அல்லியங்கோதை வாழ்க!" என்று தலைவணங்கினார்கள்.

"ஆதுலர் சாலையில் அரசியும் பணிப்பெண்தான். காய்ச்சலில் உமது பெயரையும் தந்தையார் ஆணையையும் நீரே உளறிவிட்டீர்" என்றாள் அரசி.

"ஏன் என்னைச் சிறையிடவில்லை?"

"அக்கரை பசித்திருந்தால் இக்கரைக்கு உறக்கம் ஏது? கப்பல்கள் கேட்கும் உருக்கை நாம் இருவரும் சேர்ந்து வார்த்தாலும் போதாது." அதற்குமேல் ஏதோ சொல்ல வந்து, நாணத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திதியன் வீரனொருவனின் வாளைத் தொட்டு முழங்கினான். "செம்பாறைப் படை இந்த ஆற்றைக் கடக்குமானால் முதலில் என் பிணத்தைக் கடக்கும்! எங்கள் உலையில் இனி எந்தப் பிள்ளையும் துருத்தி மிதிக்காது. அங்கும் சேகண்டி தொங்கும். அதை அடிக்கும் முதல் கைக்கு நானே வெற்றிலை மடித்துக் கொடுப்பேன். இது ஆணை!"

மருத்துவரும் ஆசிரியரும் வந்து பரிசலில் ஏறினார்கள். அரசி ஒரு சேகண்டியைத் தன் கையாலேயே திதியனிடம் கொடுத்தாள்.

"இதன் ஓசை ஆறு தாண்டி என் செவியில் விழும் நாளில், துணைப்படை ஏதுமின்றி நான் அக்கரைக்கு வருவேன்" என்றவள் குறும்பாகச் சிரித்தாள். "அந்த மூட்டையையும் எடுத்துச் செல்லும். மண் உம்முடையதுதானே!"