நேர்க்கோட்டில் நகர்ந்த அம்புக்குறி

பிற்பகல் மூன்று மணிக்குத் திரேஸ்புரத்துப் படகுச் சங்க அலுவலகத்தைத் திறந்தேன். உள்ளே ஈர வலையின் வாடை. மின்விசிறி ஓடவில்லை. மூலையில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அதைப் போடவில்லை.

அது பவுல் அண்ணனுடையது. வலை இழுக்கும் விஞ்சில் சிக்கி வலது கை போனவர். இடது கையிலும் இரண்டு விரல்தான் மடங்கும். மவுஸைப் பிடிக்க வராது. அதனால் கீபோர்டின் எண் விசைகளாலேயே அம்புக்குறியை நகர்த்துவார். எட்டை அழுத்தினால் மேலே, இரண்டுக்குக் கீழே, ஐந்துக்குக் கிளிக். காற்று எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகுக்கும் செய்தி அனுப்புவது அவர் வேலை.

"ஏலே லிங்கராஜ், உன் அம்பு குடிகாரன் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவுது. என் ஆளப் பாரு, நூல் புடிச்சாப்ல போறான்" என்று சிரிப்பார்.

ஒருநாள் மதியம், அவர் ஒரு முறையாவது என்னிடம் உதவி கேட்கட்டும் என்று, செட்டிங்ஸில் அந்த எண் விசை வசதியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கீபோர்டிலேயே அதைத் திரும்பப் போட மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அவரால் முடியாது.

அந்த அரைமணி நேரத்தில்தான் எச்சரிக்கை வந்தது. செய்தி போகவில்லை. ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டவர், போனை எடுக்காத தம்பி செல்வினைத் தேடி வள்ளத்தில் போனார்.

செல்வின் கரைக்கு வந்தான். அவர் வரவில்லை.

பவுல் செய்தி அனுப்ப மறந்துவிட்டார் என்று சங்கத்தில் பேசினார்கள். நாற்பது நாளாக நான் வாய் திறக்கவில்லை.

"தம்பி."

வாசலில் அவர் மனைவி பிளாரன்ஸ் அக்கா.

"மறந்திட்டாருன்னு ஊரே சொல்லுது. நீதான கூட இருந்த. நெசமா?"

"ஆமாக்கா."

திரையில் அம்புக்குறி நகர்ந்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. கொஞ்சமும் வளையாமல்.

கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினேன்.

நிற்கவில்லை.

செட்டிங்ஸ் திறந்தது. நான் அணைத்த அதே இடத்தில் போய் நின்றது.

கிளிக். அணைந்தது.

கிளிக். வந்தது.

கிளிக்.

"நான்தாங்க்கா அணைச்சேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "விளையாட்டுக்குத்தான்..."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த அவருடைய காலி நாற்காலியிடம் குனிந்து மெல்லச் சொன்னார்.

"கேட்டியளா? சொல்லிட்டான். எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

அம்புக்குறி இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது. மறுபடியும் இடப்பக்கம், வரமாட்டேன் என்று தலையாட்டுவதுபோல.

அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தனியாகப் படியிறங்கிப் போனார்.