எதிர்க்காத இலைகள்

விரலில் கம்பி கிழித்த இடம் வலிக்கவேயில்லை. சிவக்கவில்லை, வீங்கவில்லை, சதை மட்டும் பிளந்து கிடந்தது. மருந்து போட வேண்டும் என்று நினைத்தாள். எழுந்து போகத்தான் மனம் வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவளுக்கு அப்படியொரு அசதி.

பசுமைக்குடிலின் கண்ணாடிக் கூரையில் சாயங்கால மழை ஓயாமல் சலசலக்க, ஈரமண் வாடையோடு தக்காளி இலைகளின் அழுகல் நெடியும் தொண்டைவரை இறங்கிப் பிசுபிசுக்க, தொட்டிகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. ஆராய்ச்சிக்காக அந்தச் செடிகளுக்குக் கிருமியைத் தெளித்தவள் அவள்தான். கிருமி பட்டதும் இலை தன் நுண்துளைகளை இறுக மூடிக்கொள்ளும். இந்தக் கிருமியோ செடியின் ஹார்மோனைப் போலவே ஒன்றைச் சுரந்து, கடிப்பது ஏதோ புழுதான் என்று செடியை நம்பவைக்கும். செடி, இல்லாத புழுவோடு மல்லுக்கட்டும். கிருமியை எதிர்க்கவேண்டிய ஹார்மோன் அடங்கிப்போகும். மூடிய துளைகள் தாமாகத் திறக்கும்.

கடைசி வரிசையில், தண்ணீர் ஊற்றுபவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு தும்மல் வந்தாலே ஊரைக் கூட்டுகிற மனிதர்.

"அண்ணே, இன்னும் கிளம்பலையா?"

"கிளம்பி என்னம்மா பண்ண? இங்கயே நல்லாத்தான் இருக்கு."

அருகில் போனாள். அவர் கழுத்தில் நீர் கோத்த கரும்புள்ளிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் மஞ்சள் வளையம். இலைகளில் இருப்பது போலவே.

"அண்ணே... கழுத்துல என்னது?"

"அதுவா? வலிக்கலம்மா." மெல்லத் திரும்பிச் சிரித்தார். "உனக்கும் வலிக்கலதானே?"

அவள் பின்வாங்கினாள். தொட்டி ஒன்று உருண்டு உடைந்தது. ஓட வேண்டும். கால்கள் கனத்தன. கைபேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விடுங்கள். என்னைத் தேடி வராதீர்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். "என்னங்க..." என்று தொடங்கினாள்.

"என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க," என்றது அவள் குரல், கனிவாக. "பாப்பாவையும் கூட்டிட்டு இங்க வாங்க."

உள்ளே அலறினாள். உதடு அசையவில்லை.

மழை நின்றது. வாசலில் கார் வெளிச்சம். கதவு திறக்கும் சத்தம். "அம்மா!" ஈரத் தரையில் சின்னக் கால்கள் தப்தப்பென்று ஓடி வந்தன.

வராதே. வராதே.

அவள் கைகள் விரிந்தன. முகம் மலர்ந்தது. குழந்தை பாய்ந்து வந்து, அவள் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டது.