வெளுத்ததெல்லாம் பிணமல்ல!

தொலைபேசி அலறியது!

மலை நகரமான தானா ராத்தாவில் மூசா பாய் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடிதான் துப்பறியும் சாந்தினியின் அலுவலகம். ரொட்டி சானாயின் கடைசித் துண்டைப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தவள், இடது கையால் எடுத்தாள்.

"மேடம்... கொல! மூணாவது கொல!"

ஆண் குரல். அழுதுகொண்டிருந்தது.

"யார் பேசறது?"

"ஹரிதாஸ். மேல டீ எஸ்டேட் மேனேஜர். என் பங்களாவுலதான்... ஒடம்பெல்லாம் வெளுத்துப் போயி... தண்ணிக்குள்ள... சீக்கிரம் வாங்க!"

தொடர்பு அறுந்தது.

சாந்தினி கையைக் கழுவக்கூட இல்லை. உதவியாளன் ஹாசிக் காடியைக் கிளப்பினான். முன்பு கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவன். வளைவுகளில் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுவான்.

பங்களா வாசலில் ஹரிதாஸ் நின்றார். ஐம்பது வயது. சிவந்த கண்கள்.

"பொணம் எங்க சார்?"

அவர் விரலால் கூடத்தைக் காட்டினார்.

ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் உப்புத் தண்ணீர், பாறை, மேலே நீல விளக்கு. கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடி உயரத்தில் ஒரு கடல்! பாறையின் மேல் உள்ளங்கை அளவில் மூன்று பவளங்கள், சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துக் கிடந்தன.

ஹாசிக் சாந்தினியின் காதோரம் முணுமுணுத்தான்.

"அக்கா, இது மீன் கேஸ்கூட இல்ல லா. கல்லு கேஸ்!"

ஹரிதாஸ் காதில் விழுந்துவிட்டது.

"கல்லா? உயிரு, தம்பி! ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாயி! எஸ்டேட்டக்கூட நான் இப்படிப் பாத்துக்கல!"

"அது எஸ்டேட்டுக்கே தெரியும்" என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் அவர் மனைவி ரூபினி.

ஹரிதாஸ் அதைக் கேட்காதவர் போல் தொடர்ந்தார்.

"ரெண்டு வாரத்துல ஒண்ணு ஒண்ணா மூணு! கொலகாரி யாருன்னு எனக்குத் தெரியும் மேடம். நீங்க நிரூபிச்சா போதும். சமையக்காரி வேலம்மா! கருவாடு வறுத்ததுக்கு ஏசினேன். அந்தக் கோவத்துல, தரை தொடைக்கற மருந்த தொட்டியில ஊத்திட்டா!"

சமையலறைக் கதவருகே நின்ற வேலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொரை, நா அந்தத் தொட்டிப் பக்கமே போறதில்ல தொரை!"

"பேசாத! நாலு மணி டீக்குள்ள, இத செஞ்சவங்க யாரா இருந்தாலும் பொட்டியத் தூக்கிட்டு இந்தப் பங்களாவ விட்டுப் போயிரணும்!"

யாராக இருந்தாலும் என்று வாய் சொன்னாலும், கண் வேலம்மாவைத்தான் பார்த்தது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். அவளுக்கு வேறு கூரை கிடையாது. சாந்தினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இப்போதே மூன்றைத் தாண்டிவிட்டது.

அவள் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள்!

"சார், மேல்பக்கம் மட்டும்தான் வெளுத்திருக்கு. அடிப்பக்கம் நல்லா பழுப்பா, பச்சையா இருக்கே?"

"அதுக்கென்ன?"

"வெஷம்னா மேல கீழ பாத்தா வேல செய்யும்? இது வெயில்ல காஞ்ச முதுகு மாதிரில்ல இருக்கு!"

"வெளிச்சமா?" ஹரிதாஸ் சிரித்தார். "சான்ஸே இல்ல! நான் அளந்து வெச்சவன்!"

அலமாரியிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். நீளமான குச்சி. நுனியில் காசு அளவு வெள்ளைப் பொட்டு. மறுமுனையில் எண் காட்டும் பெட்டி.

"நம்ம கண்ணு ஏமாத்தும் மேடம். கோரலுக்கு, இந்தப் பவளத்துக்கு, எவ்ளோ வெளிச்சம் போய்ச் சேருதுன்னு இதுதான் சரியா சொல்லும். என் கோரலுக்கு நூத்தம்பது. அதுக்கு மேல திடீர்னு ஏறினா பொசுங்கிரும்."

"கடைசியா எப்ப அளந்தீங்க?"

"அது... போன்ல விளக்கு ஆப்புல எழுபது சதவீதம்னு இருக்கு. நான் மாத்தல. மாத்தாதப்ப எதுக்கு அளக்கணும்?"

"இப்ப அளங்க."

அவர் அலட்சியமாகக் குச்சியைத் தண்ணீருக்குள் இறக்கினார். வெள்ளைப் பொட்டு வெளுத்த பவளத்தின் அருகே போய் நின்றது.

எண்கள் ஓடின... நின்றன.

முந்நூற்றுப் பத்து!

ஹரிதாஸின் முகமும் வெளுத்த பவளத்தின் நிறத்துக்கு வந்தது.

"யாரோ ஏத்திட்டாங்க!" சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஆப்பைத் திறந்தார். எழுபது. அதே எழுபது! "பாஸ்வர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும்... எப்படி?"

விளக்கின் அளவை ஒருவரும் ஏற்றவில்லை. வெளிச்சமோ இரண்டு மடங்கு!

"அக்கா, பேயா இருக்குமா?"

"பேய்க்கு வெளிச்சம் ஆகாது ஹாசிக். வாய மூடு."

அப்போதுதான் அவள் மூக்கு வேலை செய்தது. வாசனை! பச்சைக் கறிவேப்பிலை வாசனை! இந்த மலைக்கு அது கீழிருந்து லோரியில் வரும். வந்து சேரும்போது பாதி வாடியிருக்கும். இங்கோ இப்போதுதான் கிள்ளியது போல் மணந்தது... தொட்டிக்குப் பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து!

சட்டென்று திரையை விலக்கினாள்.

பழைய சாயத் தகர டப்பாவில், தொட்டி விளக்கின் வெளிச்சம் படும்படி ஒரு கறிவேப்பிலைச் செடி!

"ஐயோ!" வேலம்மா அலறினாள். "நாந்தான் தொரை! நாந்தான் வெச்சேன்!"

"பாத்தீங்களா! ஒத்துக்கிட்டா!" ஹரிதாஸ் துள்ளினார்.

"செடியத்தான் தொரை! இந்தக் குளிர்ல எங்க வெச்சாலும் பொழைக்கல. இங்கதான் கதகதன்னு, வெளிச்சமா இருந்துச்சு. தொட்டிப் பக்கம் வரக் கூடாதுன்னீங்க, அதான் பயந்துகிட்டு பொய் சொல்லிட்டேன். சத்தியமா தண்ணியில கை வெக்கல!"

சாந்தினி செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடி இலைகள் சிறுத்து மஞ்சளாக இருந்தன. மேல் துளிர்களோ தடித்து, கரும்பச்சையாக நின்றன.

"வேலம்மா, இது எப்பலேருந்து இப்படி தளதளன்னு வருது?"

"தொரை வெளக்க தொடச்சாருல்ல, படம் புடிக்க... அப்பலேருந்துதாம்மா கிடுகிடுன்னு துளுக்குது."

எல்லார் கண்ணும் விளக்கின் பக்கம் திரும்பியது.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஈப்போ டவுன்லேருந்து இவரு கூட்டாளிங்க வந்திருந்தாங்க" என்றாள் ரூபினி மெதுவாக. "வீடியோ நல்லா வரணும்னு, விளக்குக் கண்ணாடிய இவருதான் தேய் தேய்னு தேச்சாரு. வீட்ல அவரு தொடச்ச ஒரே பொருள்."

சாந்தினி விளக்கின் கண்ணாடி மூலையில் விரலை விட்டாள். துணி எட்டாத இடம். வெள்ளையாய்ப் பொருக்கு வந்தது. நாக்கில் வைத்தாள்.

"அலமாக்! ஆதாரத்த நக்காதீங்கக்கா!"

"உப்பு! சார், தொடைக்கறதுக்கு முன்னாடி, அளக்கும்போதெல்லாம் வெளிச்சம் கொறஞ்சுகிட்டே வந்துச்சா?"

"ஆமா. விளக்கு பழசாகுதுன்னு நெனச்சு, முப்பத்தஞ்சுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா எழுபது வரைக்கும் நானே ஏத்..."

வாய் பாதியில் நின்றது.

"விளக்கு பழசாகல சார். தொட்டித் தண்ணி சூடு, வீடு குளிரு. ஆவியும் தெறிக்கற உப்புத்தண்ணியும் சேந்து கண்ணாடிய மூடிருச்சு. நீங்க ஏத்தி ஏத்திச் சரிக்கட்டினீங்க. அப்புறம் ஒரே நாள்ல உப்பத் தொடச்சீங்க... எழுபத எறக்கவும் இல்ல, அளக்கவும் இல்ல!"

ஹரிதாஸ் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"நானா... நானே கொன்னுட்டேனா?"

"அதுவும் இல்ல. கிட்ட வந்து பாருங்க. செத்தது இப்படி வாயத் தொறக்குமா?"

அவர் பாய்ந்து வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். வெளுத்த பவளத்தின் மேல் சின்னஞ்சிறு வாய்கள்... மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தன!

"உயிரு இருக்கு! மேடம், உயிரு இருக்கு! நெறந்தான் போயிருக்கு!"

ஆப்பில் விளக்கை இறக்கினார். குச்சியை விட்டார். இருநூற்று இருபது. இன்னும் இறக்கினார். நூற்றைம்பது. இந்த முறை ஆப்பை நம்பவில்லை. இன்னொரு தரம் அளந்தார், பவளத்தின் மூன்று பக்கமும் அளந்தார். அவர் கன்னத்தில் வழிந்த உப்புத் தண்ணீர் தொட்டியினுடையது அல்ல.

சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது.

கதவருகே வேலம்மா துணிப்பையோடு நின்றாள். செடியைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள்.

ஹரிதாஸ் அவளிடம் போனார். அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வேலம்மா... தப்பு எம்மேலதான். மன்னிச்சிரு. செடிய அங்கயே வெச்சிரு. நீ எங்கயும் போக வேணாம்."

வேலம்மா அழுதாள். சாந்தினி அவள் துணிப்பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஆமா, அவ போக வேணாம்" என்றாள் ரூபினி. மாடிப்படியில் அவள் இழுத்த சூட்கேஸ் தடதடவென்று இறங்கி வந்தது. "ஆனா செஞ்சவங்க யாரா இருந்தாலும் நாலு மணிக்குள்ளன்னு சொன்னது நீங்கதான?"

"ரூபி! நான் எங்க போவேன்?"

"வீடியோ புடிச்ச கூட்டாளிங்க ஈப்போவுல இருக்காங்கல்ல? ரெண்டு வாரமா அவள அழ வெச்சீங்க. ரெண்டு நாள் அங்க இருந்து யோசிங்க. கோரல நானும் வேலம்மாவும் பாத்துக்கறோம். அளந்து!"

ஹாசிக் காடியைக் கிளப்பினான். பனி இறங்கியிருந்தது. கேட்டைத் தாண்டப் போகும்போது கண்ணாடியில் தட்டும் சத்தம்...

சூட்கேஸும் கையுமாக ஹரிதாஸ்!

"மேடம்... தானா ராத்தா பஸ் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு லிஃப்ட் கெடைக்குமா?"

சாந்தினி பதில் சொல்வதற்குள் ஹாசிக் முந்திக்கொண்டான்.

"பின்னாடி ஏறுங்க சார்... அரெஸ்ட் ஆனவங்கள நாங்க முன்சீட்டுல ஏத்தறதில்ல!"